தமிழ் வழியே கொரியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டுவலியால் வெளியே அதிகம் போவதில்லை. பேத்தியோடு உட்கார்ந்து கொரியத் தொடர்கள் பார்த்ததில் அந்த மொழி மேல் ஆசை வந்துவிட்டது. அதன் எழுத்து முறை, கொரிய மன்னர் சேஜோங் 1446-இல் வெளியிட்டது. இன்று அடிப்படை மெய் 14, உயிர் 10 மட்டுமே. நம் உயிர்மெய் போல இரண்டும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அமர்ந்துகொள்ளும். இரண்டு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அங்கேயும் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

18-ஆம் நூற்றாண்டு ஓவியர் கிம் ஹோங்-டோ வரைந்த மல்யுத்தக் காட்சியைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்ப்பேன். சுற்றிலும் கூட்டம், கழற்றிப் போட்ட செருப்புகள், சண்டையைக் கவனிக்காமல் மிட்டாய்த் தட்டோடு நிற்கும் பையன். அசல் நம்மூர்த் திருவிழா. அப்புறம் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய். முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள் பிசறி ஜாடியில் அடைத்தேன். மூன்றாம் நாள் புளிப்பேறி, பழைய சோற்றுக்கு அருமையாக இருந்தது.

ஒரே குறை, எனக்குக் கிடைத்த பாடங்கள் எல்லாம் ஆங்கில வழியில்தான். தமிழ் வழியே கொரியம் கற்க எளிய நூல்களை நம் பொது நூலகங்களில் வைக்க வேண்டும். உங்கள் நாளிதழும் வாரம் கால் பக்கம் ஒதுக்கலாமே?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்