பரம வைரிகளுக்கு முதலில் திகதி குறியுங்கள்

கொழும்பில் உதைபந்தாட்டப் போட்டிகளை ஒழுங்கு செய்யும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தலைநகரின் கழகங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் போட்டிகளைப் பருவகாலத்தின் முதன்மையான நாட்களாகக் கருதி, அவற்றுக்குரிய திகதியையும் மைதானத்தையும் ஏனைய எல்லாப் போட்டிகளுக்கும் முன்னதாகவே குறித்து அறிவிக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையின் ரினௌன், ரட்னம், கொம்பனித்தெருவின் ஜாவா லேன், புறக்கோட்டையின் சோண்டர்ஸ் ஆகிய கழகங்களின் பெயர்களைச் சொன்னாலே போதும். யாருக்கு யார் வைரி என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வைரம், அதாவது பகைமை, ரசிகர்களின் வாழ்வில் எப்படி இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அட்டவணை வரைபவரின் மேசையிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

ரினௌனும் ரட்னமும் ஒரே கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவை. ஒரே தேவாலயத்தில் பூசை காண்பவர்களும், ஒரே தேர்த் திருவிழாவுக்கு வடம் பிடிப்பவர்களும், ஒரே சலூனில் முடி வெட்டிக்கொள்பவர்களும் போட்டி நாளன்று இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா ரினௌன், மாமா ரட்னம். போட்டிக்கு முந்திய இரவு இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுவார்கள், ஆனால் கறிக் கிண்ணத்தை நகர்த்தித் தரும்படி ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். எங்களைப் போன்ற சிறுவர்கள்தான் நடுவில் தூது போக வேண்டும். மறுநாள் மாலை ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்தவர் தேநீருக்குக் காசு கொடுப்பார், வென்ற பக்கத்தவர் அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த எழுதாத ஒப்பந்தம். மாமாவால் ஒரு முறைகூட அதைக் காப்பாற்ற முடிந்ததில்லை.

தெருவிலும் சடங்குகள் இருந்தன. நம் நாட்டில் மரண வீடு இருக்கும் ஒழுங்கையில் வெள்ளைக் கொடி கட்டுவது வழக்கம். பெரிய போட்டியில் தோற்ற அணியின் ஆட்கள் வாழும் ஒழுங்கை விடியும்போது, குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் துணித் துண்டுகள் தொங்கிக்கொண்டிருக்கும். இரவோடிரவாகக் கட்டியவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும், எவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். வயதானவர்கள் அபசகுனம் என்று திட்டிக்கொண்டே அவற்றை அவிழ்ப்பார்கள். அதே ஒழுங்கையில் உண்மையாகவே ஒரு மரணம் நேர்ந்தால், கொடி கட்டவும் கதிரை சுமக்கவும் வந்தவர்கள் அதே எதிரணி இளைஞர்கள்தான். இந்த எல்லையை அறிந்திருந்தபடியால்தான் அந்த வைரம் தலைமுறைகளைத் தாண்டி நின்றது என்பது என் கருத்து.

யுத்த காலத்தில் தமிழர்கள் மாலை வேளையில் வெளியே போவதென்றால் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அப்போதும் சுகததாச அரங்குக்குப் போனோம். அங்கே பிரிவினை ஒழுங்கைகளின்படி இருந்ததே தவிர இனத்தின்படி இருக்கவில்லை. பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் சிங்களவரா முஸ்லிமா மலாயரா என்பது, அவர் எந்த அணிக்காகக் கத்துகிறார் என்பதற்குப் பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த அரங்கில்தான் 1995இல் இலங்கை இந்தியாவை 1–0 என்று வீழ்த்தித் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்றது. அன்று நாட்டுக்காக ஒன்றாகக் குதித்தவர்கள் அடுத்த லீக் போட்டியில் பழையபடி இரு புறமும் பிரிந்து நின்றதில் எனக்கு வியப்பில்லை. உள்ளூரில் பிரிந்து நின்று கத்திப் பழகியவர்களே நாட்டுக்காகவும் கத்தினார்கள்.

கொம்பனித்தெருவின் கதை வேறு, இம்மடலின் அவசரமும் அங்கேதான் இருக்கிறது. மலாய் வீதியிலுள்ள சிட்டி லீக் மைதானம் சிறியது. எல்லைக் கோட்டுக்கு மிக நெருக்கமாக ஆட்கள் நிற்பார்கள். பந்தை எறிய வரும் வீரருக்குக் கை ஓங்குவதற்கு இடம் விட, முன்வரிசையில் நிற்பவர் குடையை மடக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்க வேண்டும். அந்த ஓரடிக்குள் வீரரின் பட்டப்பெயரையும், அவருடைய தகப்பனார் அதே இடத்தில் நின்று தவறவிட்ட பந்தையும் யாராவது ஞாபகப்படுத்தி விடுவார்கள். வீரரும் சில நேரம் சிரித்து விடுவார். சுகததாசவில் ஓட்டப் பாதை நடுவில் கிடப்பதால் இந்த நெருக்கம் ஒருபோதும் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கொம்பனித்தெருவின் பெரும் பகுதி இடிந்து, உயரமான கட்டடங்களாக மாறிவிட்டது. நகரப் புனரமைப்பின் பெயரால் பழைய குடியிருப்புகள் அகற்றப்பட, பல குடும்பங்கள் தெமட்டகொடை, வனாத்தமுல்லை போன்ற இடங்களின் தொடர்மாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முன்பு வாசற்படியிலிருந்து விசில் சத்தம் கேட்டு மைதானத்துக்கு வந்தவர்கள், இப்போது இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். ஒழுங்கை போய்விட்டது, பள்ளிவாசல் முன்றலின் மாலைக் கூட்டம் கலைந்துவிட்டது, ஆனால் ‘ஜாவா லேன்’ என்ற கழகத்தின் பெயரில் மட்டும் அந்த ஒழுங்கை இன்னும் இருக்கிறது. அப்படிச் சிதறிய ஓர் ஊர் மீண்டும் ஒன்றாய் நிற்கக்கூடிய நாட்களில் ஒன்று, ஜாவா லேன் தன் பழைய வைரியைச் சந்திக்கும் நாள். அந்த நாள் எப்போது வரும் என்பது அவர்களுக்கு முதல் நாள் மாலை ஒரு தொலைபேசிச் செய்தியில் தெரிய வந்தால், எத்தனை பேரால் வர முடியும்? தொடர்மாடியின் பன்னிரண்டாவது தட்டிலிருந்து ஒரு முதியவரை இறக்கிக் கூட்டி வருவதற்குப் பேரனுக்கு ஒரு விடுமுறை நாளாவது வேண்டாமா?

இங்கே இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குதிரைப் பந்தயத் திடல் மைதானம் அழகானது, புல்தரை நன்றாக இருக்கிறது, தொலைக்காட்சிக்கு ஏற்றது. குதிரைகள் ஓடி, இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் இறங்கி, பிறகு ரக்பி வந்து, அதன் பின்பே நம் ஆட்டத்துக்கு இடம் கொடுத்த மைதானம் அது. அந்த வரிசையில் நமக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. 2019இல் சென்னையின் எஃப்.சி. அங்கே வந்து கொழும்பு அணியோடு கோலின்றிச் சமநிலை கண்ட போட்டியைப் போன்றவற்றுக்கு அது பொருத்தமானதே. ஆனால் கொட்டாஞ்சேனையின் இரு கழகங்கள் மோதுவதைப் பார்க்கக் கொட்டாஞ்சேனை மக்கள் கொழும்பு 7க்கு வேலைநாள் பிற்பகலில் போக வேண்டும் என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலை செய்யும் ஒருவருக்கு மூன்றரை மணி என்பது வேலையின் நடுப்பகுதி.

2021இன் சூப்பர் லீக்கில் பத்து அணிகள் ஆடின. ரினௌனும் ரட்னமும் அதில் இருந்தன, சோண்டர்ஸும் ஜாவா லேனும் இருக்கவில்லை, கிண்ணம் களுத்துறையின் புளூ ஸ்டாருக்குப் போனது. அந்த வெற்றிக்கு அவர்கள் தகுதியானவர்களே. இருந்தாலும் நாட்டின் முதல்தரத் தொடரிலிருந்து கொழும்பின் பழைய மோதல்கள் பாதி மறைந்த ஒரு பருவகாலத்தை, பெருந்தொற்றுக்கு நடுவில், நாங்கள் கைத்தொலைபேசித் திரையில் பார்த்துத் தீர்த்தோம். பின்னர் 2023 ஜனவரியில் ஃபீபா இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் மாத இறுதியில்தான் தடை நீங்கியது. தேர்தல்கள், யாப்புகள், தலையீடுகள் பற்றி வாதிட எனக்குத் தகுதியுமில்லை, விருப்பமுமில்லை. நிர்வாகச் சண்டைகளில் கழியும் ஒவ்வொரு மாதத்திலும் ஒரு பிள்ளை தன் தெருவின் அணியைப் பார்க்காமலே வளர்ந்து, கைத்தொலைபேசியில் மென்செஸ்டரின் ரசிகனாகிவிடுகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வைரம் என்றால் அடிதடி வரும், ஆகவே அடங்கியிருப்பதே நல்லது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. எங்கள் மைதானங்களிலும் நடுவரைத் துரத்தியவர்கள் இருந்தார்கள். அதை வீரக் கதையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் 1980 ஓகஸ்ட் 16ஆம் திகதி மோகன் பகான், கிழக்கு வங்காளம் (ஈஸ்ட் பெங்கால்) என்ற அந்நகரின் இரு கழகங்கள் ஆடியபோது எழுந்த கலவரத்தில் பதினாறு ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பின்னரும் அந்த நகரம் அந்தப் போட்டியைக் கைவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே திகதியில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து இரத்ததானம் செய்கிறார்கள். 1997இல் அதே இரு அணிகள் மோதிய ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதிக்குச் சால்ட் லேக் அரங்கில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். கிழக்கு வங்காளம் வென்றால் ஹில்சா மீனும் மோகன் பகான் வென்றால் இறாலும் சமைப்பது அங்கே வீட்டு வழக்கம். அதே மோகன் பகான் 2017இல் ஆசியக் கால்பந்துச் சம்மேளனக் கிண்ணத்துக்காகக் கொழும்பு வந்து ஆடியபோது அதைப் பார்த்த எங்கள் பையன்கள் பலருக்கு, தங்கள் ஒழுங்கைக்கும் இப்படி ஒரு வைரி இருந்ததென்று சொல்ல ஆளில்லை.

ஆள் இல்லாததற்குக் காரணம், எழுதி வைத்தவர் இல்லை என்பதே. ஹமீத் அல் ஹுஸைனியும் ஸாஹிராவும், புனித பெனடிக்டும் பாடசாலை மட்டத்தில் வளர்த்த வீரர்கள் பிற்பாடு எந்தக் கழகத்துக்குப் போனார்கள், எந்தப் போட்டியில் தம் பழைய வகுப்பு நண்பனுக்கு எதிராக நின்றார்கள் என்பதெல்லாம் இன்று சில முதியவர்களின் நாவிலும், கழக அறைகளில் ஈரம் ஏறிச் சுருண்ட சில குழுப் புகைப்படங்களிலும்தான் இருக்கிறது. கிரிக்கெட்டின் பெரும் சமர்களுக்கு ஆண்டுதோறும் மலர் வெளியிடுகிறார்கள், பப்பரே வாத்தியத்தோடு ஊர்வலம் போகிறார்கள், பழைய ஓட்டக் கணக்கைப் பிள்ளைகள் ஒப்புவிக்கிறார்கள். எங்கள் மோதல்களின் முடிவுகளை ஒரு கொப்பியில் எழுதி வைக்கக்கூட எவருக்கும் பொறுப்புக் கொடுக்கப்படவில்லை.

எனவே நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. அடுத்த பருவகாலத்துக்கான அட்டவணையை வரைய அமரும்போது, வெற்றுத் தாளில் முதலில் இந்த மோதல்களின் திகதிகளைக் குறியுங்கள்; அவை சனி அல்லது ஞாயிறு மாலையாக இருக்கட்டும். கொட்டாஞ்சேனை அணிகள் சுகததாசவிலும், கொம்பனித்தெருவின் அணி சிட்டி லீக்கிலும் ஆடட்டும். பெருமழை தவிர வேறெதற்காகவும் திகதியை மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் மூன்று மொழிகளிலும் ஒரு வாரத்துக்கு முன்பே அறிவியுங்கள். ஒவ்வொரு கழகமும் தன்னிடமுள்ள பழைய முடிவுகளையும் படங்களையும் திரட்டித் தர, அவற்றை வைத்துப் போட்டியன்று நான்கு பக்கத்தில் ஒரு நிகழ்ச்சித் தாளை அச்சிட்டுக் கலரியில் விற்கலாம். விற்றுத்தர நாங்களே ஆட்கள் தருகிறோம். பழைய வீரர்கள் இருவரை, பக்கத்துக்கு ஒருவராக, ஆட்டம் தொடங்கும் முன் மைதானத்துக்கு அழையுங்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பில் இரு கழகங்களின் ரசிகர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் கொடி கட்டுவது யாரென்று எங்களுக்குத்தான் தெரியும்.

இவ்விடயம் தொடர்பாக உங்களைச் சந்திக்க இரு தரப்பு ரசிகர்களும் ஒன்றாக வரத் தயாராக இருக்கிறோம். வாரநாளாயின் மாலை ஆறு மணிக்குப் பின்னர் நேரம் ஒதுக்கினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ரசிகன்