காய்ச்சலோடு வந்த காமாலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டைபாய்டு என்று படுத்திருக்கும்போதே கண்ணும் மஞ்சளானதும் பயந்திருப்பாய். இங்கே ஆச்சி கீழாநெல்லி அரைக்கத் தயாராகிவிட்டாள். "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கேட்காது, ஊசியை நிறுத்திட்டுப் பிள்ளையை வரச் சொல்லு" என்கிறாள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊசியை நிறுத்தாதே. டாக்டர் சொல்வதுபோல உன் காமாலைக்கும் காரணம் அந்த டைபாய்டு கிருமிதான் என்றால், அந்த ஊசிதான் இதற்கும் மருந்து. தண்ணீரிலோ சாப்பாட்டிலோ வரும் கிருமி சிறுகுடல் வழியாக ரத்தத்தில் ஏறி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றிலும் போய்த் தங்கும். டைபாய்டில் எஸ்.ஜி.பி.டி., அதாவது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு, கொஞ்சம் ஏறாத ரிப்போர்ட்டை லேபில் நான் பார்த்தது குறைவு. கண் மஞ்சளாகும் அளவுக்குப் போவதுதான் அபூர்வம். இது புதிதும் இல்லை. ஆஸ்லர் என்ற பெரிய டாக்டர் 1899-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வைரஸ் காமாலையில் பெரும்பாலும் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும், எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். உனக்கு 230தான், காய்ச்சலோ இன்னும் 103. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டிலும் டைபாய்டு கிருமி வளர்ந்திருக்கிறது. அவ்வளவு உறுதியில்லாத வைடால் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இருந்தாலும் ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற காமாலை வைரஸ்கள் இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்தார்களா என்று கேள். அவையும் அதே அழுக்குத் தண்ணீரில் வருகிறவைதான், டைபாய்டோடு சேர்ந்தே வரலாம்.

ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் விடவில்லையே என்று தவிக்காதே. சரியான மருந்துக்கும் நாலைந்து நாள் பிடிக்கும். அதற்குள் பொறுமையில்லாமல் பாராசிட்டமால் மாத்திரையை நீயாக முழுங்காதே. கல்லீரல் இந்த நிலையில் இருக்கும்போது எத்தனை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வயிறு திடீரென்று கடுமையாக வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, பேச்சு குழறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் நர்ஸைக் கூப்பிடு. டைபாய்டில் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழும் பயம் அதிகம்.

ஆச்சியின் உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, மோர், வெந்த முட்டை, எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடு. கீழாநெல்லி நல்லதா கெட்டதா என்று அவளிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. டைபாய்டு கிருமியை அது கொல்லாது, அவ்வளவுதான்.

அப்புறம், ரூமில் எல்லோருக்கும் சமைக்கிறவன் நீதானே? கொஞ்ச நாள் அடுப்பைத் தொடாதே. சிலருக்கு உடம்பு தேறிய பிறகும் பித்தப்பையில் கிருமி தங்கி மலத்தில் வந்துகொண்டே இருக்கும். நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையல்காரிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அவள் சமைத்த வீடுகளில்தான் டைபாய்டு. 1915-ல் இரண்டாம் முறை பிடித்துத் தீவில் வைத்தவர்கள் 1938-ல் அவள் சாகும்வரை விடவில்லை. உன்னை யாரும் தீவுக்கு அனுப்பப் போவதில்லை. மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரட்டும், பிறகு சமை.

அப்பா உன்னிடம் வர வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறார். அந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவர்தான் உனக்குச் சமையல் என்று முடிவாகியிருக்கிறது. அவர் வைக்கும் ரசத்தைக் குறை சொல்லாமல் குடி.

அன்புடன்,
அம்மா