கோப்பைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், பள்ளிக்கும் வணக்கம்.

வருவாய் மாவட்ட அளவிலான கூடைப்பந்துப் போட்டியில், 17 வயதுக்குட்பட்ட மாணவியர் பிரிவில் நம் பள்ளி அணி முதலிடம் பெற்ற நாளிலிருந்து பயிற்சியாளரான எனக்கு வாழ்த்து வந்தபடி இருக்கிறது. கடைத்தெருவில் நிறுத்திக் கைகொடுக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த வாழ்த்து போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு பலர். அவர்களைப் பற்றி எல்லோருக்கும் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, இறுதிப் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆடாத எங்கள் பதினோராம் வகுப்பு மாணவிக்கு. எதிரணியில் நல்ல உயரமான ஒரு பெண் ரிங்குக்குக் கீழே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பீர்கள். ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஆடும் எங்கள் போஸ்ட் பிளேயர் அந்தக் கைகளுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் திரும்பி, போர்டில் பட்டு விழும்படி பந்தைப் போட்டபோது எல்லோரும் கைதட்டினீர்கள். அவள் அதைப் பழகியது தினமும் பயிற்சியில் எதிரே நின்ற இந்தத் தோழியிடம்தான். தோளோடு தோள் முட்டி, பந்துக்குப் போகவிடாமல் உடம்பால் மறித்து (பாக்ஸ் அவுட் பண்ணி), கீழே விழுந்து எழுந்து மறுபடி கையைத் தூக்குவாள். "நான் எப்ப சார் மேட்ச் ஆடுவேன்?" என்று ஒருநாள் கேட்டாள். "அதுக்கு வாக்குக் கொடுக்க முடியாதும்மா. ஆனா நீ எதிர்ல நின்னாதான் இவ தேறுவா. இவளை எதிர்த்து ஆடுனா நீயும் தேறுவே" என்றேன். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

அவளுக்குச் சொன்ன அந்தப் பதில் நான் ஜான் வுடனிடமிருந்து எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் வாங்க வைத்த கோச் அவர். அவரிடம் பில் வால்டன் என்ற மகா ஆட்டக்காரர் இருந்தார். அவருக்கு மாற்றாக பெஞ்சில் உட்கார்ந்தவர் ஸ்வென் நேட்டர். யுசிஎல்ஏவுக்காக ஒரு மேட்சில்கூட முதல் ஐந்து பேரில் ஒருவராக இறங்காத நேட்டரை, 1973-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் தினமும் வால்டனோடு மோதியதில் வந்த பலம் அது. நல்ல அணியை அதன் பெஞ்சைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

அடுத்து தலைமையாசிரியர் அம்மாவுக்கு. வுடன் யுசிஎல்ஏவுக்கு வந்தது 1948-இல், முதல் தேசியப் பட்டம் 1964-இல். அந்த 10 பட்டங்களைப் பேசுகிறவர்கள் அதற்கு முந்திய இத்தனை ஆண்டுகளைப் பேசுவதில்லை. அணி கட்ட அவகாசம் வேண்டும், அதைக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். "எப்ப சார் கப் வரும்?" என்று அம்மா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "பிள்ளைங்க ஒழுங்கா வர்றாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

காவலர் ஐயாவுக்கும் நன்றி. விடிவதற்கு முன்பே கோர்ட்டில் மணலையும் வேப்பிலையையும் பெருக்கி வைத்துவிடுவார். ஓடிவந்து நிற்கும்போது மணல் வழுக்கினால் முழங்கால் போய்விடும், அதனால் அது சின்ன வேலை இல்லை. வுடனும் தன் பழைய ஜிம்மின் தரையைப் பல ஆண்டுகள் பயிற்சிக்கு முன் தன் கையாலேயே துடைத்தவர்தான். ஷூவும் சாக்ஸும் வாங்கித் தந்த கடைக்கார அண்ணனுக்கும், லைட் மாட்டித் தந்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி.

வேன் ஓட்டும் அண்ணன், மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் பிள்ளைகளை டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனார். கேலரியில் உட்கார்ந்ததும், "ஸ்கோரை விடுங்க. பந்து கையில இல்லாத நாலு பேர் என்ன செய்றாங்கன்னு பாருங்க" என்றேன். திரும்பும்போது வேனில் ஒரே பேச்சு: யார் எதிராளியை மறித்து நின்று தோழருக்கு வழிவிட்டார்கள் (ஸ்கிரீன் வைத்தார்கள்), யார் இடம்விட்டு ஒதுங்கி வழிகொடுத்தார்கள், யார் டிஃபென்ஸுக்கு முதலில் ஓடினார்கள் என்று. அந்த வேனில்தான் இவர்கள் ஒரு அணி ஆனார்கள் என்பேன். இப்போது கூடை போட்டவள் பாஸ் கொடுத்தவளைக் கைகாட்டிவிட்டுத்தான் திரும்புகிறாள். வுடன் தன் பையன்களிடம் வைத்திருந்த வழக்கம் அது.

பெற்றோருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஜெயிப்பதைப் பற்றி நான் பிள்ளைகளிடம் அதிகம் பேசுவதில்லை. தன்னால் முடிந்ததை முழுசாகச் செய்தோம் என்று அவளவளுக்கே தெரிய வேண்டும், அதுதான் என் கணக்கு. வீட்டில் வேறு மாதிரி பேசியிருந்தால் இது நடந்திருக்காது. போன வருஷம் அரையிறுதியில் தோற்று அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை ஒரு அப்பா கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷம் கோப்பையோடு வந்தபோதும் அதே கடையில் அதே பரோட்டாதான். அப்பா, உங்களுக்குத் தனி நன்றி.

சரி, அடுத்து மாநிலப் போட்டிக்குத் தயாராகிறோம். காலை ஐந்தரைக்குக் கோர்ட் திறந்திருக்கும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள். உயரம் பார்த்துச் சேர்ப்பதில்லை.

அன்புடன்,
மாணவியர் கூடைப்பந்து அணிப் பயிற்சியாளர்