வெள்ளம் வடிந்தபின் குழி தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளம் வடிந்ததும் பாலத்தடியில் இறங்கிப் பார்த்துவிட்டுத் 'தூண்கள் பத்திரம்' என்று அறிவிப்பதும், அது அப்படியே செய்தியாவதும் வழக்கமாகிவிட்டது. மணல் ஆற்றில் அந்தப் பார்வையால் பயனில்லை. உச்ச வெள்ளத்தில் தூணடியில் ஆறு தோண்டிய குழியை, வடியும்போது அதே ஆறே மணல் போட்டு மூடிவிடும். சமதளமாகத் தெரிவது புதிதாகப் படிந்த பொலபொலப்பான மணல். அடுத்த வெள்ளத்தில் முதலில் கரைவது அதுதான்.

நீர் மோதுவதால் மட்டும் தூணடி அரிபடுவதில்லை. ஓடும் நீருக்கு மேலே வேகம் அதிகம், படுகையருகே குறைவு. வட்டத் தூணின் முகத்தில் அது தடைபடும்போது மேலே அழுத்தம் கூடி, நீர் தூணை ஒட்டியே கீழ்நோக்கிப் பாய்ந்து மணலைக் குடைகிறது. அங்கே உருளும் சுழல் குதிரை லாடம் போல இருபுறமும் வளைந்து மணலை வாரிச் செல்கிறது. ஆழமான நீரில் இக்குழி தூண் விட்டத்தைப் போல் சுமார் 2.4 மடங்கு வரை இறங்கலாம், 1.5 மீட்டர் தூணுக்கு 3.6 மீட்டர்.

மணல் அள்ளிப் படுகை தாழ்ந்து, தூணைத் தாங்க மண்ணுக்குள் இறக்கிய 6 மீட்டர் அகல அடித்தளக் கிணறு வெளியே வந்துவிட்டால், நீரைத் தடுக்கும் அகலம் 1.5 மீட்டர் அல்ல, 6 மீட்டர். மணல் அள்ளுவதன் கேடு இங்கேதான் இரட்டிக்கிறது. தூணில் சிக்கும் மரமும் ஆகாயத்தாமரையும் அகலத்தைக் கூட்டுவதில் சளைத்தவை அல்ல. 1928இல் கட்டிய திருச்சி பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது, நல்லவேளையாக அதில் போக்குவரத்து இல்லை.

அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கிட நம் நாட்டில் லேசி சூத்திரம்தான் நடைமுறை. ஆற்றின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் விநாடிக்கு 10 கன மீட்டர் நீர், 0.5 மி.மீ. மணல் என்றால் விடை சுமார் 5.8 மீட்டர்; தூணடியில் அதன் இருமடங்கு, 11.6 மீட்டர். இதை உச்ச வெள்ள மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், படுகையிலிருந்து அல்ல. சூத்திரத்தில் தூணின் விட்டமே வராது என்பதால், விட்டத்தை வைத்தும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பாதுகாப்புக்கென்று தூணைச் சுற்றிக் கருங்கல்லைக் குவித்தால் அந்தக் குவியலே புதிய தடையாகும். கல்லின் மேல்முகம் படுகை மட்டத்தில் நிற்கும்படி தோண்டிப் பதிக்க வேண்டும். அடியில் சரளை அல்லது வடிதுணி (நீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி) இல்லாவிட்டால் இடுக்குகளின் வழியே மணல் உறிஞ்சப்பட்டுக் கற்கள் புதைந்துபோகும். பதித்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்: நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று விழுந்து 10 பேர் இறந்தார்கள். தூணடிக் கற்களைச் சரியாகப் பராமரிக்காததே காரணம் என விசாரணை கூறியது.

அளக்கவேண்டிய நேரம் வெள்ளம் ஓடும்போதுதான். பாலத்தின் மேலிருந்து எடைக்கயிறோ, ஒலியால் ஆழம் அளக்கும் கருவியோ இறக்கி, தூணின் மேல்நீர்ப் பக்கத்தில் அளக்கலாம். தவறவிட்டால், வடிந்தபின் இரும்புக் கம்பியை அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் இறங்கும் ஆழம், மூடிப்போன குழியின் ஆழத்தை ஓரளவு காட்டிவிடும். 'தூண்கள் பத்திரம்' என்று அறிவிப்பவரிடம் உங்கள் நிருபர்கள் அந்த அளவை மீட்டரில் கேட்டு வெளியிடலாமே.

இப்படிக்கு,
பாலப் பொறியாளர் ஒருவர், திருச்சி