நோட்டரி முத்திரை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ‘ஐஸ்’ எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறை அதிகாரிகள் நடத்தும் சோதனை பற்றிய செய்திகள், பிடிபட்டவர்களின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுகின்றன. பெற்றோருக்கு விசா முடிந்து, அங்கே பிறந்த பிள்ளைக்கு மட்டும் குடியுரிமை உள்ள வீடுகளில் பேச்சு வேறு: நாம் பிடிபட்டால் பிள்ளை யாரிடம்? பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இடங்களில் கைது நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய விதியை 2025 ஜனவரியில் அரசு நீக்கியபின் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட வழியில்லை.

வெற்றுத் தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் நண்பர் பிள்ளைக்கு ‘கார்டியன்’, அதாவது சட்டப்படியான பாதுகாவலர், ஆகிவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். ஆகமாட்டார். கலிஃபோர்னியாவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே பராமரிப்பாளர் உறுதிமொழிப் படிவம் உண்டு. பெற்றோர் கையெழுத்தும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். யாருடைய வீட்டில் பிள்ளை வசிக்கிறதோ அவர் கையெழுத்திட வேண்டும். சித்தி, மாமா, பாட்டி என்றால் பள்ளியில் சேர்ப்பதோடு பிற சிகிச்சைக்கும் ஒப்புதல் தரலாம். நண்பர் என்றால் பள்ளியும், பள்ளி சார்ந்த சிகிச்சையும்தான். பிள்ளை வாய்நிறைய ‘அங்கிள்’ என்று கூப்பிடுவது இங்கே செல்லாது.

ஊரில் உள்ள தாத்தா பாட்டியிடம் அனுப்புவது என்றால் முதலில் பாஸ்போர்ட். 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இருவரும் நேரில் போக வேண்டும். வர முடியாதவர் டிஎஸ்-3053 என்ற ஒப்புதல் படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, அடையாள அட்டையின் இரு பக்க நகலையும் தர வேண்டும். காவல் மையத்துக்குள் இருப்பவர் நோட்டரிக்கு எங்கே போவார்? அந்தக் கையெழுத்து 90 நாள்தான் செல்லும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பதும் உதவாது. பாஸ்போர்ட்டையே இப்போதே எடுத்துவிட வேண்டும். கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தாலும் இந்தியாவுக்குள் வர விசாவோ ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையோ தேவை.

பிடிபட்டவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல். ‘ஐஸ்’ இணையதளத்தில் ‘ஏ’ எண்ணையும் (குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் பதிவு எண்) பிறந்த நாட்டையும் கொடுத்துத் தேடலாம். புகலிட மனு போட்டவர்களிடம் அந்த எண் இருக்கும். விசா முடிந்து தங்கியவர்களிடம் பெரும்பாலும் இராது. அவர்களைப் பெயரால்தான் தேட வேண்டும், ஓரெழுத்து பிசகினாலும் வராது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிற்கும். வீட்டார் அப்பா பெயரைச் சேர்த்துத் தேடிவிட்டு ஆளே இல்லை என்று பதறுகிறார்கள். விசாவில் உள்ள எழுத்துகளை அப்படியே குறித்து, நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே கொடுத்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கலிஃபோர்னியா