குழு சிகிச்சை நடக்கும்போது சிஸ்டரைக் கூப்பிடாதீர்கள்

மனநலப் பிரிவுகளை நடத்தும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வார்டில் நோயாளிகள் ஒரு நர்ஸோடு வட்டமாக உட்கார்ந்து பேசும் குழு சிகிச்சை தவறாமல் நடக்கிறது என்று ரிஜிஸ்டர் சொல்லும். எத்தனை நோயாளிகள் வந்தார்கள், யார் நடத்தினார்கள், எல்லாம் அதில் இருக்கும். நடுவில் அந்த நர்ஸ் எத்தனை தடவை எழுந்து போனார் என்பது மட்டும் இருக்காது. புது அட்மிஷன் வந்திருக்கும், ரவுண்ட்ஸுக்கு கேஸ் ஷீட் தேடுவார்கள். "சும்மா பேசிட்டுத்தானே இருக்கீங்க, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்பார்கள்.

அந்த 'சும்மா'வைப் பற்றித்தான் இந்த மடல்.

எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் மூச்சு விடாமல் பேசுகிறார். பழகாத நர்ஸ், "மத்தவங்களும் கொஞ்சம் பேசட்டுமே" என்று அவரை அடக்குவார். அவர் முகம் சுருங்கிவிடும். மற்ற ஏழு பேரும், நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று வாயை மூடிக்கொள்வார்கள். பழகிய நர்ஸுக்குத் தெரியும்: அவர் கொட்டுவது பெரும்பாலும் பதற்றத்தால், மற்றவர்கள் பொறுத்துக்கொள்வது, தாங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியால். அதனால் கேள்வியை வட்டத்தின் பக்கம் திருப்புவார். "இவர் பேசிட்டு இருக்கும்போது உங்க மனசுல என்ன ஓடிச்சு?" கேட்டுவிட்டுக் காத்திருப்பார். யாரும் பேசமாட்டார்கள். ஒருவர் நகத்தைப் பார்ப்பார், ஒருவர் ஃபேனைப் பார்ப்பார். அந்த மௌனத்தில் குறுக்கே விழாமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. சரியாக அப்போதுதான் கதவு தட்டப்படும்.

தலைமை நல்லதாக இருந்தால் நர்ஸ் வெளியே போனாலும் குழு தானே நடக்காதா என்று கேட்கலாம். 1930களின் கடைசியில் உளவியலாளர் குர்ட் லெவினும் சகாக்களும் செய்த ஆய்வு அப்படித்தான் காட்டியது. அதட்டி வேலை வாங்கிய தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்தியவர் போனபோது அவ்வளவாகச் சரியவில்லை. ஆனால் அந்த ஆய்வுக் குழுக்களில் இருந்தவர்கள் பத்து வயதுப் பையன்கள். எங்கள் வட்டத்தில் இருப்பவர்களில் ஒருவருக்குக் காதில் குரல் கேட்கும், இன்னொருவர் சாக முயன்று அட்மிட் ஆனவர்.

இன்னொன்று, ஆளை மாற்றுவது. குழு முதலில் தயங்கும், அப்புறம் மோதும், பிறகு ஒத்துப்போகும், அதன் பிறகே சேர்ந்து இயங்கும் என்று 1965இலேயே உளவியலாளர் டக்மன் எழுதிவிட்டார். நோயாளிகள் நர்ஸிடம் எகிறுவதைப் பார்த்ததும், "இவரால சமாளிக்க முடியல" என்று வேறு ஆளைப் போடுகிறீர்கள். கொஞ்ச நாளே தங்கிப் போகும் மனநல வார்டில் நோயாளிகள் நாளுக்கு நாள் மாறுவதால் குழு அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் போவதே அபூர்வம். அதனால்தான் அங்கே ஒவ்வொரு செஷனையும் தனி முழுமையாக நடத்த வேண்டும் என்றார் மனநல மருத்துவர் யாலம். அப்படிப்பட்ட வார்டில் மாறாமல் இருக்கக்கூடியவர் நடத்துபவர் ஒருவர்தான். அவரையும் ஷிஃப்டோடு சேர்த்து மாற்றிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள்?

நாங்கள் கேட்பது அதிகமில்லை. செஷன் நடக்கும் 45 நிமிடம் கதவைத் தட்ட வேண்டாம். கூட இன்னொரு நர்ஸ் வேண்டும். ஒருவர் பேச்சைக் கவனிக்கும்போது மற்றவர் பேசாதவர்களைக் கவனிப்பார், யாராவது அழுதுகொண்டு வெளியே போனால் பின்னாலேயே போவார். அதே இருவர் சில மாதமாவது தொடரட்டும். முடிந்ததும் கால் மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேச விடுங்கள். யார் மேல் எரிச்சல் வந்தது, ஏன் வந்தது என்பதை அங்கே பேசாவிட்டால் அது அடுத்த செஷனில் நோயாளி மேல் இறங்கும்.

ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான், டியூட்டி பார்ப்பவர்களுக்குத் தெரியாதா? அப்படியென்றால் வாரத்துக்கு மூன்று செஷன் என்பதை ஒன்றாகக் குறையுங்கள். அந்த ஒன்றை முழுசாக நடத்த விடுங்கள்.

இப்படிக்கு,
மனநல வார்டு செவிலியர் ஒருவர்