வீடு சந்திப்பை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்குங்கள்: எமது திருச்சபையின் அருட்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய அருட்பணிக் குழுவினருக்கு,

கடந்த ஓகஸ்ட் மாதம் வட அமெரிக்காவிலிருந்து வந்து பத்து நாட்கள் தங்கிச் சென்ற குழுவுக்கு நான் மொழிபெயர்த்த ஜெபம் ஒன்றில் மூலத்துக்கு மாறான சொற்கள் இருந்ததாக அறிந்து, அதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அறிந்தது உண்மைதான். தெரிந்தே மாற்றிச் சொன்னேன். இதை உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் குறுகியகால அருட்பணிக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலிலிருந்து, வந்தவர்களைச் சபையார் வீடுகளுக்குக் கூட்டிப்போகும் வீடு சந்திப்பை எடுத்துவிடுங்கள் என்று இரண்டு முறை நேரிலும் ஒரு முறை கடிதத்திலும் கேட்டு, "கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்ற பதிலை மட்டுமே பெற்றவள் என்பதால், இம்முறை சபையார் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தப் பத்து நாட்களின் ஒழுங்கு நீங்களே தயாரித்தது என்பதால் அதை விவரிக்கத் தேவையில்லை. விடியற்காலைத் தியானம், ஒன்பது மணிக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, பொம்மலாட்டம், மதிய உணவு, சுவருக்குப் பெயின்ற் அடித்தல், நான்கு மணிக்கு வீடு சந்திப்பு, இரவு விடுதியில் பகிர்வு நேரம், இடையில் ஒரு நாள் பின்னவலைக்கு யானை பார்க்கப் போவது. இவற்றில் பெரும்பாலானவற்றால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. பிள்ளைகள் பொம்மலாட்டத்துக்குச் சிரிக்கிறார்கள். வந்த இளைஞர்களும் வெயிலில் முகம் சிவக்க மனதார உழைக்கிறார்கள். நான் பேசுவது அந்த நான்கு மணியைப் பற்றி மட்டும்.

கொழும்பு முகத்துவாரம் பக்கத்தில், தோட்டம் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்பொன்றில் இருக்கும், எமது சபையைச் சேர்ந்த அந்த அம்மாவை உங்களில் அநேகருக்குத் தெரியும். அவருடைய மகன் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்தவன். 2008 இல் ஒரு மாலை வேலை முடிந்து வரும் வழியில் வெள்ளை வானில் ஏற்றிக் கடத்தப்பட்டான்; திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவர் ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, போகாத ஆணைக்குழு இல்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியதும் அங்கேயும் அதே கோப்பைச் சுமந்துகொண்டு போனார். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் நான்கு வருடங்களாக, வருகிற ஒவ்வொரு குழுவையும் அந்த வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

அவர் எப்படிச் சீவிக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். இரண்டு கடைகளுக்கு மாலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். ஆறரை மணிக்குள் கடையில் இருக்க வேண்டுமானால் நான்கு மணிக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும்; கொதிநீர் விட்டுக் குழைத்த மாவைச் சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும், ஆறினால் உரலில் இறங்காது. அந்த நான்கு மணிக்குத்தான் எமது வான் தோட்டத்து வாசலில் போய் நிற்கிறது. அன்று அவர் பக்கத்து வீடுகளில் ஆறு பிளாஸ்ரிக் கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டிருந்தார், கடனுக்குப் பெரிய சோடாப் போத்தல் ஒன்று எடுத்து வைத்திருந்தார், கடைக்கென அவித்த முதல் தட்டு இடியப்பத்தைச் சம்பலோடு பீங்கான் கோப்பைகளில் பரிமாறியிருந்தார். வந்தவர்கள் புன்னகையோடு நன்றி சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கையிலேயே வைத்திருந்தார்கள். மூடி திறக்காத போத்தல் தண்ணீரையும் விடுதி உணவையும் தவிர வெளியில் எதையும் உட்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அறிவுறுத்தல் தாளில் எழுதியிருக்கிறது. அவர்களின் வயிற்றைக் குறித்த உங்கள் கரிசனையை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டுப் பேர் எட்டுக் கோப்பைகளை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து போனதை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் மா இறுகிப் போயிருந்தது. அன்று இரண்டு கடைகளுக்கும் இடியப்பம் போகவில்லை. அவற்றில் ஒன்று மறுநாளே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த குழுவில் ஒரு பையன் மட்டும் அந்தத் தாளை மீறி, கையால் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வருடமும் வான் வந்து நின்றதும் அம்மா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அந்தச் சாப்பிட்ட தம்பி இந்த முறை வரல்லையா, மகள்?" என்பதுதான்.

இனி ஜெபத்துக்கு வருகிறேன். குழுத் தலைவர் வழமைபோல, "உங்கள் கதையை எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டார். அம்மா சொன்னார். நான்காவது வருடமாக நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மகனைப் பற்றிப் பேசும்போது "இருந்தான்" என்று ஒருபோதும் சொல்வதில்லை; "அவன் காரம் தின்ன மாட்டான்", "அவனுக்குக் கோபம் கெதியில் வரும்" என்றே சொல்வார். அந்த வினைமுற்றுக்களை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், கேட்பவர்கள் மனதில் அவை இறந்தகாலமாகவே விழுகின்றன. கதை முடிந்ததும் தலைவர் அம்மாவின் தலையில் கை வைத்து, அவருடைய மகன் இப்போது உமது கரங்களில் இளைப்பாறுகிறான், இந்தத் தாய் அதை ஏற்றுக்கொண்டு அவனை விட்டுக்கொடுக்கப் பெலன் தாரும் என்று கண்ணீரோடு ஜெபித்தார்.

அதைத் தமிழில் சொல்ல என் வாய் வரவில்லை. "ஆண்டவரே, இந்த அம்மாவின் மகன் எங்கே இருந்தாலும் உம்முடைய கண் முன்னே இருக்கிறான், அம்மாவோடு கூட இரும்" என்று சொன்னேன். அம்மாவும் "ஆமென்" என்றார். குழுவில் இருந்த, ரொறன்ரோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருவருக்கு இரு மொழியும் விளங்கியதால், சொல்லப்பட்டதும் கேட்கப்பட்டதும் வேறுவேறு என்று தெரிந்துவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் முறையிட்டார் என்று நான் நினைக்கவில்லை.

மகன் இறந்துவிட்டான் என்று ஒப்பமிட்டால் மரணச் சான்றிதழும் கொடுப்பனவும் கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னபோதெல்லாம் அந்த அம்மா மறுத்தார். அவரைப் போன்ற தாய்மார் விடாப்பிடியாக நின்றதால்தான் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற இடம் வைத்தார்கள். அரசாங்கமே அவர் கையில் திணிக்க முடியாமல் விட்ட மரணத்தை, வந்து நாற்பது நிமிடம் இருந்த ஒருவர் ஜெபமாகத் திணிப்பதற்கு என் நாவைக் கொடுக்க நான் ஆயத்தமில்லை. நீங்கள் கேட்ட விளக்கம் இவ்வளவுதான். இதற்காக மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுப்பீர்களானால் எடுங்கள். ஆனால் அதற்கு முன் வீடு சந்திப்பை எடுங்கள்.

அன்றிரவு பகிர்வு நேரத்தில் எனக்கு வேலையில்லை, எல்லாம் ஆங்கிலம். சுவரோரக் கதிரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்று உங்களைத் தொட்டது எது?" என்ற கேள்விக்கு ஐந்து பேர் அந்த அம்மாவையே சொன்னார்கள். ஒருவர் தன் வீட்டு வசதிகளுக்காக இனி அதிகம் நன்றி சொல்வேன் என்றார். இன்னொருவர் அம்மாவோடு எடுத்த படத்தைக் காட்டினார். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், படமெடுப்பவர் சிரிக்கச் சொன்னதால் அம்மாவும் சிரித்திருந்தார். யோபுவின் நண்பர்களை நாம் பிரசங்கங்களில் ஏசாத நாளில்லை. ஆனால் அவர்கள் முதல் ஏழு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் பிழை செய்தார்கள். நமது நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

வான் போன பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் சைவர்களும் முஸ்லிம்களும் சிங்கள பௌத்த குடும்பங்களும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள். "வெள்ளைக்காரர் எவ்வளவு தந்தார்கள்?" என்ற கேள்வி அன்று மாலையே தொடங்கிவிடும். ஒரு சதமும் தரவில்லை என்று அம்மா சொன்னால் எவரும் நம்புவதில்லை. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் 2004 இல் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில் எமது சபைகள் எவ்வளவு பயந்திருந்தன என்பதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காசு கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற அந்தச் சந்தேகத்துக்கு முகம் கொடுப்பவர்கள் விமானம் ஏறிப் போய்விடுகிறவர்கள் அல்லர்.

வரவேற்புக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் இவர்களை "டொக்டர் கிறீனின் வழித்தோன்றல்கள்" என்று நீங்கள் அறிமுகப்படுத்துவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர்; மானிப்பாயில் இருந்து தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எமது பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர். இவர்கள் மண்டபத்துச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். முந்திய வருடம் நீலம், சென்ற வருடம் மஞ்சள், இவ்வருடம் மீண்டும் நீலம். இலங்கையிலேயே அதிக பூச்சுக் கண்ட சுவர் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். எமது சபையிலேயே பெயின்ற் அடிப்பதைத் தொழிலாகக் கொண்ட பாஸ் ஒருவர் வேலையில்லாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவருடைய விமானச் சீட்டுக் காசில் அவருக்கு மாதக்கணக்கில் கூலி கொடுக்கலாம். ஆனால் அவர் அடித்தால் அது அருட்பணி ஆகாதாம்.

கோபத்தில் எல்லை கடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரை எந்த நிறத்திலும் அடியுங்கள். நான் தாழ்மையாகக் கேட்பது ஒன்றே. வீடு சந்திப்பை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்குங்கள். ஏதாவது ஒரு குடும்பம் தாமாக முன்வந்து அழைத்தால், அவர்களுக்கு வசதியான நேரத்தில், இரண்டு பேருக்கு மேற்படாமல் போகட்டும். கதை கேட்காமல், கைத்தொலைபேசியை வானிலேயே வைத்துவிட்டு, கொடுத்ததைச் சாப்பிடுகிற இரண்டு பேர் போகட்டும். எங்கள் துக்கத்தைச் சந்திக்கும் பொறுப்பு வருடம் முழுவதும் இங்கே இருக்கிற ஆயருக்கும் எங்களுக்கும் உரியது. அதை நாங்கள் ஒழுங்காகச் செய்வதில்லை என்பதும் உண்மை. அந்த அம்மாவின் வீட்டுக்குக் குழு இல்லாத மாதங்களில் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்து ஒரு கை விரல்கள் போதுமாயிருந்தன.

அடுத்த குழு ஜூலையில் வருகிறது என்றும் நிகழ்ச்சி நிரல் இம்மாத இறுதியில் அவர்களுக்கு அனுப்பப்படும் என்றும் அறிகிறேன். அது போகும் முன், நான்கு மணி என்ற அந்த வரி நீக்கப்பட்டது என எழுத்தில் ஒரு பதில் தருவீர்களானால் நன்றியுடையவளாக இருப்பேன். வேதாகமப் பள்ளிக்கும் பொம்மலாட்டத்துக்கும் எப்போதும்போல மொழிபெயர்க்க வருவேன். அந்த வீட்டு வாசலில் மட்டும் இனி எந்தக் குழுவோடும் இறங்க மாட்டேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருத்தி
கொழும்பு